கேட்டவன் பாஸ், கொடுத்தவன் பெயில்

1955 ஜூன் 3, வெள்ளி

மேல்காற்று. காலையில் துறைமுகக் கொடிமரத்தில் கொடி ஏற்றினேன். கரையில் இரண்டு தோணி, ஒன்றில் ஓடு, ஒன்றில் ஒன்றுமில்லை. ஜும்மா முடிந்து மச்சினன் சேக் அலாவுதீன் வழக்கம்போல் சாப்பிட வந்தான். பூனையிடம் உப்பு கேட்டான். தள்ளி வைத்தேன். அந்தியில் கொடி இறக்கினேன்.

ஜூன் 4, சனி

நேற்று எழுதியதைப் படித்துக் காட்டு என்றேன். என் சம்சாரம் ஆசியா பீவி படித்தாள். "தம்பி சேக் அலாவுதீன் அவர்கள் உணவருந்த வருகை தந்தார்கள்" என்று இருக்கிறது!

நான் சொன்னது 'வந்தான்'. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதற்காக, சொல்வது ஒன்று, எழுதுவது ஒன்றா? கப்பலில் மாலுமிகளுக்கு மேலாளாக, தண்டலாக இருந்தபோது கப்பல் தலைவர் நகுதா தினமும் காற்றும் கரையும் சொல்வார், கணக்கர் கிராணி எழுதுவார். ஒரு சொல்லைக் கிராணி மாற்றியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நானும் தினம் சொல்கிறேன், இவள் ஓதக் கற்ற அரபு எழுத்தில் தமிழை எழுதுகிறாள்.

"என் தம்பியை நான் 'வந்தான்'னு எழுத மாட்டேன். வேணும்னா நீங்க எழுதிக்கிடுங்க."

நான் எப்படி எழுதுவது?

கடைசியில், நேற்றையதைத் திருத்தவும், இனித் திட்டும் நாட்களில் மட்டும் 'வந்தான்' என்று எழுதவும் ஒப்புக்கொண்டாள். எல்லா நாளும் திட்டும் நாள்தான் என்றேன். அதை எழுதியிருக்கிறாளா தெரியவில்லை.

ஜூன் 7, செவ்வாய்

ஆபீசில் ஓர் உத்தரவு. குமாஸ்தா நின்றுகொண்டு வாசித்தார். பிரெஞ்சுக்காரன் போய்விட்டதால் இனி எல்லோரும் இங்கிலீஷ் இலக்கணம் அடிப்படை படித்து, ஆகஸ்டில் பரீட்சை கொடுக்க வேண்டும். குமாஸ்தா முதல் கொடிக்காரன் வரை. தேறாதவருக்கு இடம் இல்லை.

"கொடிக்கு இங்கிலீஷ் தெரியுமாங்க?" என்று கேட்டேன்.

"கொடிக்குத் தெரிய வேணாம் நெய்னா பாய். ஏத்துறவருக்குத் தெரியணும்."

மூன்று வர்ண பிரெஞ்சுக் கொடியை இருபது வருடம் ஏற்றினேன். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது 'போன்ழூர்' ஒன்றுதான். கொடி ஒரு நாளும் ஏற மறுத்ததில்லை.

ஜூன் 13, திங்கள்

வகுப்பு தொடங்கியது. சரக்குக் கிடங்கில், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு. வாத்தியார் ழில்பேர் — சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இங்கிலீஷ் அவருக்கும் புதிது. நாகப்பட்டினத்தில் புத்தகம் வாங்கி எங்களுக்கு ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் சம்சாரம் ரோசலி அங்கே கான்வென்டில் படித்தவர். கிடங்கு வாசலில் முக்காலி போட்டு லேஸ் பின்னுகிறார். புருஷன் தப்பாகச் சொன்னால் இருமுகிறார். இன்று அம்மாவுக்கு நல்ல இருமல்.

இது கிடக்கட்டும். சம்பளப் பட்டியல் வரிசைப்படி இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். கொடிக்காரனுக்கு அடுத்த பெயர் படகு மேஸ்திரி. படகு மேஸ்திரி யார்? அலாவுதீன்.

ஒரே பலகை. பதினாலு வருடமாகப் பேசாத ஆள். நான் வடக்கே பார்த்து உட்கார்ந்தேன், அவன் தெற்கே. வாத்தியார் மேற்கே இருந்தார்.

ஜூன் 15, புதன்

வாக்கியம் என்றால் என்ன என்று பாடம்.

"மெசியே, ஒரு வாக்கியத்துக்கு மூணு பேர் வேணும். செய்றவன் ஒருத்தன். அவன் செய்ற வேலை. அது யார் தலையில விழுதோ அந்தாளு. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்."

எனக்கு உடனே பிடிபட்டது. தண்டல், துடுப்பு, தண்ணீர். ஆனால் இந்த இங்கிலீஷ்காரன் வேலையைக் கொண்டுபோய் நடுவில் வைக்கிறான். தமிழில் கடைசிவரை என்ன செய்தான் என்று சொல்லாமல் இழுக்கலாம், எதிராளி முகத்தைப் பார்த்து மாற்றிக்கூடக் கொள்ளலாம். இவர்கள் பாஷையில் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்வோம். நிதானமில்லாத ஜனங்கள்.

இன்னொன்று. ழில்பேர் பாடம் நடத்தும் விதம் அவர் பட்டாளத்தில் கற்றது. ஒருவன் எழுந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பக்கத்து ஆள் எழுந்து அதை 'இல்லை' என்று புரட்ட வேண்டும். ஒருவன் 'ஐ கோ' என்றால் மற்றவன் 'யூ டூ நாட் கோ'. புரட்டினால்தான் மதிப்பெண். பரீட்சையும் இப்படித்தானாம். புரட்டாவிட்டால் பெயில்.

ஜூன் 17, வெள்ளி

அலாவுதீன் இன்று சாப்பிட வரவில்லை. நேற்று வகுப்பில் நான் பேசியதுதான் காரணம். நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

வாத்தியார் 'ஈட்' என்று வினைச்சொல் கொடுத்தார். தின்பது. என் முறை. எழுந்தேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாக வந்துவிட்டது.

"யூ ஈட் மை மீட்."

நீ என் கறியைத் தின்கிறாய்.

கிடங்கே என்னைத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் தெரியும். 1941, வாஞ்சூரில் கல்யாணம், மழை விட்ட மறுநாள். ஒரு சஹனில் நாலு பேர் — நான், அலாவுதீன், பிறகு மௌத்தாகி மண்ணுக்குள் போன அவன் சகலை, சைகோனுக்குப் போன தையற்காரர். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. என் முன்னால் நெய்ச்சோற்றில் பாதி புதைந்து ஓர் ஈரல் துண்டு. கடைசியில் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஊறுகாய்க்காகத் திரும்பினேன். திரும்பி வந்தால் இல்லை. அலாவுதீன் வாய் அசைகிறது. கேட்டேன். "அது என் பக்கம் இருந்துச்சு மச்சான்" என்றான். அத்தனை பேர் முன்னால். அதுதான் அவன் என்னிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு.

நேற்று அவன் எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஐ டூ நாட் ஈட் யுவர் மீட்!"

"த்ரே பியேன்!" என்று கை தட்டினார் ழில்பேர். பத்துக்குப் பத்து.

பொய் சொன்னவனுக்குப் பத்துக்குப் பத்து! இது என்ன பாஷை?

ஜூன் 20, திங்கள்

வகுப்பில்:

நான்: யூ ஈட் மை மீட்.
அவன்: ஐ டூ நாட் ஈட் யுவர் மீட்.

"மெசியே, வேற வாக்கியம் சொல்லுங்க. இது வியாழக்கிழமையே ஆயிடுச்சு," என்றார் வாத்தியார்.

முடிந்துபோன காரியத்தைச் சொல்லும் பாடம் இன்னும் வரவில்லை. அதனால் அவன் என் கறியைத் தினமும் தின்றுகொண்டிருப்பது போல்தான் சொல்ல முடிகிறது. அது ஒருவகையில் உண்மைதான்.

படகுக்கார கபீர் வெளியே வந்து கேட்டான்: "என்ன நெய்னா காக்கா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களே?"

"பேசலை. பாடம் சொன்னோம்."

"அப்ப மேஸ்திரி கத்துனது?"

"அதுவும் பாடம்தான்."

ஆபீஸ் வேலை வேறு, பேச்சு வேறு.

ஜூன் 24, வெள்ளி

அலாவுதீன் வந்தான், சாப்பிட்டான். இந்த வீடு ஆசியாவின் வீடு. எங்களில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து இருக்க வேண்டும். அக்காள் வீட்டுக்கு வராதே என்று நான் எப்படிச் சொல்வது? நானே வந்தவன்.

"பூனையே, மீன் ஆணத்துல புளி கூடுதல்னு சொல்லு," என்றான்.

"பூனையே, பிடிக்கலைன்னா அவுக வீட்ல சமைக்கச் சொல்லு," என்றேன்.

பூனை செத்து மூன்று வருடம் ஆகிறது. அது படுத்திருந்த மூலையைப் பார்த்துப் பேசுகிறோம்.

ஜூலை 1, வெள்ளி

ஒரு சேதி. அலாவுதீன் மகன் மன்சூர் அலியை மாப்பிள்ளை கேட்டு நாகூரிலிருந்து ஆள் வந்து போயிருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து, ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி முடிவு கேட்டு வருவார்களாம். பையன் தாயாருக்கு அரை மனசு சம்மதம்.

ஆசியா எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். எங்கள் மகள் மஹ்பூபா பிறந்த அன்றே மன்சூருக்கு என்று இருவீட்டிலும் பேசி வைத்தது. அப்போது நானும் அலாவுதீனும் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்தக் குடும்பத்து வழக்கம் இது: தாய்மாமன் வந்து தன் வாயால் பெண் கேட்க வேண்டும். வாப்பா தன் வாயால் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். நாலு பேர் காதில் விழ வேண்டும். இடையில் தூது கூடாது. பூனையும் கூடாது.

"அவன் கேக்கட்டும். நான் குடுக்கிறேன்," என்றேன்.

"அவன்கிட்ட போய்க் கேட்டேன். 'முதல்ல அவுக பேசட்டும் லாத்தா'ங்குறான். அவன் முதல்ல பேசினா ஈரலைத் தின்னதா ஆயிடுமாம்."

"தின்னான்ல?"

இந்த இடத்தில் எழுந்து போய்விட்டாள். மீதியை மறுநாள் எழுதினாள்.

ஜூலை 5, செவ்வாய்

வகுப்பில் என் முறை வந்தது. வேறு வாக்கியம் சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். 'திஸ் ஈஸ் எ போட்' என்று சொல்லலாம். இது படகு. யாருக்கும் நோகாது.

"யூ ஈட் மை மீட்."

என்னை என்ன செய்வது?

ஜூலை 9, சனி

வீட்டில் பழகுகிறேன். யார் என்ன சொன்னாலும் மனசுக்குள் இங்கிலீஷாக்கிப் புரட்டிவிட வேண்டும். பரீட்சைக்கு இதுதான் வழி என்றார் ழில்பேர்.

"என்னாங்க, சோறு வைக்கவா?"

"ஐ டூ நாட் ஈட்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு தமிழில் எவ்வளவு கேட்டும் வரவில்லை.

ஜூலை 14, வியாழன்

மஹ்பூபா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு நின்றாள். கேட்டேன், என்னம்மா?

"ஒண்ணுமில்ல வாப்பா. நீங்களும் மாமாவும் செத்துப்போன பூனைகிட்ட பேசுறீங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா? நான் உசுரோடதான இருக்கேன்?"

குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரங்கூன் போகும் வழியில் பாய்மரம் முறிந்து நாலு பேரைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக்கூட நான் இப்படிக் கலங்கவில்லை. ஆனால் வாய்? வாய் வரவில்லையே. நான் போய் அவன் வாசலில் நின்றால் என்ன ஆகும்? 'பெண் வைத்துக்கொண்டு அலைகிறான்' என்பான். பதினாலு வருடமும் நான்தான் தப்பு என்று ஆகும். ஈரலும் போய், மகளும்...

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

ஜூலை 18, திங்கள்

ஆசியா ஒரு யோசனை சொன்னாள்.

"இங்கிலீஷ்ல பேசிக்கிறீங்கள்ல? அதுலயே அவன் கேக்கட்டும், அதுலயே நீங்க குடுங்க. வாய் திறந்தா சரி. எந்தப் பாஷைன்னு வழக்கத்துல சொல்லலையே."

"அது ஆபீஸ் காரியம். ஆபீஸ் காரியத்துல பொண்ணு குடுப்பாங்களா?"

"ஆபீஸ் காரியத்துல கறிச் சண்டை போடலாமோ?"

கோபப்பட்டேன்.

ஜூலை 22, வெள்ளி

மூன்று நாள் எழுத மறுத்துவிட்டாள். சொன்னதெல்லாம் வீணாயிற்று. இன்று எழுதுகிறாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கோடு கோணலாக இருக்கிறதாம், அதையும் அவளே சொல்கிறாள்.

ஜூலை 31, ஞாயிறு

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து எல்லோரும் மார்போடு தழுவி முஆனக்கா செய்தார்கள். வரிசையில் எனக்கு அடுத்து அலாவுதீன் வந்துவிட்டான். இரண்டு பேரும் நின்றோம். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அவன் குனிந்து செருப்பைத் தேடினான். நானும் தேடினேன். என் செருப்பு காலில் இருந்தது.

ஆகஸ்டு 6, சனி

'கிவ்' என்று புது வினைச்சொல். கொடுப்பது. இதற்கு இரண்டு செயப்படுபொருள் வேண்டுமாம். எதைக் கொடுக்கிறாய், யாருக்குக் கொடுக்கிறாய். ழில்பேர் அதைச் சொல்லும்போது ரோசலி அம்மா இருமவே இல்லை. அலாவுதீன் கரும்பலகையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டு 10, புதன்

பரீட்சை. முழுசாகச் சொல்கிறேன், ஆசியா, ஒன்றும் விடாதே.

பாண்டிச்சேரியிலிருந்து ஒரு துரை வந்தார். தமிழ்த் துரைதான், ஆனால் தமிழ் பேசவில்லை. மேசை, விசிறி, சோடா. ஜோடி ஜோடியாக எழுந்து சொன்னோம். முதல் ஜோடி: 'திஸ் ஈஸ் எ ரோப்' — 'திஸ் ஈஸ் நாட் எ ரோப்'. கையில் கயிற்றை வைத்துக்கொண்டே கபீர் அதைக் கயிறில்லை என்றான். பாஸ்.

எங்கள் முறை. அலாவுதீன்தான் முதலில் சொல்ல வேண்டும். எழுந்தான். தொப்பியைக் கழற்றினான், போட்டான். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யூ..." என்றான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கறியைச் சொல்லப்போகிறான்.

"யூ கிவ்..."

கொடு என்கிறான். என்ன கொடுக்க வேண்டும்? இந்தப் பாழாய்ப்போன பாஷையில் வேலை முதலில் வந்துவிடுகிறது, பெயர் வர இவ்வளவு நேரம்.

"யூ கிவ் மஹ்பூபா."

ழில்பேர் பின்னாலிருந்து மெல்ல, "யாருக்கு? யாருக்கு? இன்னொண்ணு வேணும்," என்றார்.

"டு மன்சூர்," என்றான் அலாவுதீன். மறுபடி தொப்பியைத் தொட்டான். "டு மை சன் மன்சூர்."

துரை தலையாட்டி மதிப்பெண் போட்டார். அவருக்கு அது வாக்கியம். பேனாவால் என்னைச் சுட்டினார். புரட்டு.

நான் எழுந்தேன். புரட்டினால் பாஸ். கொடிமரம் எனக்கு. நாலு பேர் முன்னால் 'தர மாட்டேன்' என்று சொன்னதாகவும் ஆகும், மகள் கதை முடியும். புரட்டாவிட்டால் பெயில். ஆனால் இரண்டு மாதம் பழக்கிய நாக்கு யாரைக் கேட்டது? அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது.

"ஐ டூ நா—"

கடித்தேன். நிஜமாகவே நாக்கைக் கடித்தேன், உப்புக் கரித்தது. அலாவுதீன் என்னைப் பார்த்தான். பதினாலு வருடத்தில் முதல் தடவை நேராகப் பார்த்தான். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

"ஐ கிவ்," என்றேன்.

துரை காத்திருந்தார். ழில்பேர் கையைக் காலை ஆட்டினார். "நாட்... நாட்... நெய்னா பாய், நாட்!"

"ஐ கிவ் மஹ்பூபா டு மன்சூர். ஐ கிவ். ஐ கிவ்."

துரை உதட்டைப் பிதுக்கி எதையோ கிறுக்கினார்.

கபீர்தான் முதலில் எழுந்தான். "அல்ஃபாத்திஹா!" என்று நிச்சயத்துக்கு ஓதச் சொல்லிக் கத்தினான். கிடங்கு முழுக்கக் கை ஏந்தியது. ழில்பேர் சிலுவை போட்டுக்கொண்டார். துரை யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தார் போல, எழுந்து நின்று தலை குனிந்தார். ரோசலி அம்மா வாசலில் அழுதார். கபீர் மடியிலிருந்து கற்கண்டு எடுத்து எல்லோருக்கும் கொடுத்தான், துரைக்கும். அவர் அதைச் சோடாவுக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது அலாவுதீன் முன்னால் நடந்தான், நான் பின்னால். ஒன்றும் பேசவில்லை. பாடம் முடிந்துவிட்டதே, எதில் பேசுவது?

ஆகஸ்டு 12, வெள்ளி

நாகூர்க்காரர்கள் வந்தார்கள். நிச்சயம் ஆகிவிட்டது என்று அலாவுதீன் சொல்லி அனுப்பினானாம். எந்தச் சபையில் என்று கேட்டார்களாம். சரக்குக் கிடங்கில், இங்கிலீஷில், துரை முன்னால் என்றானாம். மேற்கொண்டு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மஹ்பூபா இன்று இரண்டு தடவை சோறு வாங்கினாள்.

ஆகஸ்டு 22, திங்கள்

பரீட்சை முடிவு ஒட்டினார்கள். குமாஸ்தா வாசித்தார். கேட்டவன் பாஸ். கொடுத்தவன் பெயில். கொடிக்கயிறு கபீருக்கு.

ஆசியா எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள். பிடித்துக்கொள்ளவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆகஸ்டு 24, புதன்

கபீர் கொடி ஏற்றினான். கரையில் நின்று பார்த்தேன். ஏறியது.

செப்டம்பர் 2, வெள்ளி

அலாவுதீன் வந்தான். சாப்பிட்டான். "குட்," என்றான் ஆணத்தைப் பார்த்து. "வெரி குட்," என்றேன் நான் சோற்றைப் பார்த்து. ஆசியா அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

நவம்பர் 25, வெள்ளி

நிக்காஹ். மழை. எல்லாம் நல்லபடி நடந்தது. வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

நவம்பர் 27, ஞாயிறு

மாப்பிள்ளை இனி இங்கேதான். முன் அறை புது ஜோடிக்கு. வழக்கம் அப்படி. நான் மாப்பிள்ளையாக வந்தபோது ஆசியாவின் வாப்பா பின் அறைக்குப் போனார். இப்போது என் முறை.

என் கட்டில் பர்மாத் தேக்கு. தனியாக நகர்த்த முடியாது. மன்சூர் எழுந்து வந்தான். புது மாப்பிள்ளை கட்டில் தூக்கக் கூடாது என்று விரட்டினேன். வாசலில் யாரோ செருப்பு விடும் சத்தம். அலாவுதீன் உள்ளே வந்தான், வேட்டியை மடித்துக் கட்டினான், கட்டிலின் மறுபக்கம் போய் நின்றான்.

இங்கிலீஷில் கட்டிலுக்கு என்ன என்று எங்கள் பாடத்தில் வரவில்லை. இரண்டு பேரும் நின்றோம்.

"மச்சான்," என்றான். "தலைமாட்டை நீங்க புடிங்க. கால்மாட்டை நான் புடிக்கிறேன்."

பிடித்தேன். தூக்கினோம்.

"சாய்ச்சுப் புடி, அலாவுதீன். நிலையில இடிக்கும்."

"இடிக்காது மச்சான். நிறைய இடம் இருக்கு."

"இடிக்கும்னு சொல்றேன்ல?"

"நீங்க சும்மா வாங்க. இடிக்காது."

இடித்தது. நிலையில் ஒரு விரல் அளவு சில்லு பெயர்ந்து விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆசியா பார்த்துக்கொண்டிருக்கிறாள், மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், புது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். அலாவுதீன் சில்லைப் பார்த்தான், நிலையைப் பார்த்தான், கட்டிலை மெல்ல இறக்கினான்.

"இடிச்சிருச்சு மச்சான்," என்றான்.